கண்டி நடனமும் ஒரு பெண்ணின் உழைப்பும்

பெரஹரா முடிந்து பாடசாலை மீண்டும் கூடிய முதல் நாள். உயர்தர வகுப்பில் கூத்தின் தோற்றம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், பத்து இரவும் எங்கள் வீதியால்தான் பெரஹரா போனது. நூற்றுக்கணக்கானவர்கள் ஆடிக்கொண்டு போனார்கள். வெள்ளி முடி தரித்து ஆடியவர்களிலே ஒரு பெண்ணையும் நான் காணவில்லை. பெண் அதைத் தரித்தால் என்ன குற்றம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது வழக்கம்" என்று ஒரு சொல்லிற் கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். ஆசிரியர் பலர் அவ்வாறே செய்கின்றோம். ஆனால் அவ்வழக்கம் எப்படி உண்டாயிற்று, யாருடைய நலனுக்காக உண்டாயிற்று, அதை மாற்ற முயன்றவர் யார், அம்முயற்சிக்கு அவர் கொடுத்த விலை என்ன என்று கேட்பதன்றோ வரலாறு கற்பதன் பயன்? அம்மாணவிக்கு நான் அன்று சொல்லத் தொடங்கி, மணியடித்தமையால் முடிக்காது விட்ட விடையையே ஈண்டு எழுதுகின்றேன். அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கதை. வஜிரா சித்திரசேன என்பது அவர் பெயர். இலங்கையின் தலையாய நடனமணி என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. போற்றுதலுக்குப் பின்னால் உள்ள உழைப்பையும், அவ்வுழைப்புக்கு முன்னால் மறைந்துபோன வேறு சிலரின் உழைப்பையும் சேர்த்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

நிலமும் சாதியும்

கண்டி நடனம் அரங்கிற்காகப் பிறந்ததன்று. அதன் வேர் கொஹொம்ப கங்காரிய என்னும் சடங்கில் உள்ளது. நோயும் பஞ்சமும் நீங்கி ஊர் செழிக்க வேண்டுமென்று இரவு முழுவதும் ஆடிப் பாடி நிகழ்த்தப்படும் சடங்கு அது. பண்டுவாசுதேவ மன்னனைப் பீடித்த நோயைத் தீர்க்க இந்தியாவிலிருந்து வந்த மலைய மன்னன் முதன்முதலில் அதை நிகழ்த்தினான் என்று ஐதிகம் கூறும். ஐதிகத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் கடல் கடந்து வந்த கலை என்ற நினைவு அச்சடங்கின் உள்ளேயே பொதிந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இந்நடனத்தைக் காத்து வந்தவர்கள் பெரவா எனப்படும் சாதியார். மேளம் கொட்டுவதும் ஆடுவதும் சோதிடம் பார்ப்பதும் அவர்களது பரம்பரைத் தொழில்கள். மன்னராட்சியில் கோயில் நிலத்தில் ஒரு பங்கை அவர்கள் அனுபவித்தனர். அதற்கு ஈடாகக் கோயிலுக்கும் அரசனுக்கும் ஆடியும் கொட்டியும் ஊழியம் செய்தனர். இராசகாரியம் என்பது அந்த ஊழிய முறையின் பெயர். ஆடாவிட்டால் நிலம் இல்லை. நிலம் இல்லாவிட்டால் சோறு இல்லை. தலதா மாளிகையின் முன்னே தெய்வத் தோற்றத்தோடு ஆடிய மனிதன், ஊருக்குள் உயர்சாதியார் வீட்டு வாசலில் ஒதுங்கி நிற்க வேண்டியவனாயிருந்தான். அவன் தாங்கிய பெயரே அவனது படிநிலையைக் காட்டிக்கொடுக்கும். நித்தவெல குணயா, அமுணுகம சுரம்பா என்று நாம் இன்று பெருமையோடு உச்சரிக்கும் பெருங்கலைஞர் பெயர்களில், பண்டா என்றும் நிலமே என்றும் முடிகின்ற பெயர் ஒன்றேனும் உண்டா?

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. நாயக்க மன்னர் வரிசையின் கடைசி அரசன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான். அரசன் போனான், கலைஞரின் ஊழியம் மட்டும் போகவில்லை. 1832இல் அரசாங்கத்துக்கான இராசகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னரும் கோயில் நிலங்களுக்கான ஊழியம் நீடித்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வூழியத்தைப் பணமாகச் செலுத்திவிட வழி செய்தது. ஆனால் பணம் உள்ளவனுக்கே அந்த வழி திறந்திருந்தது. 1880களில் ஜெர்மானிய வணிகர் ஹாகன்பெக் என்பவர் யானைகளோடும் காட்டு விலங்குகளோடும் இலங்கை ஆட்டக்காரரையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று காட்சிப்பொருளாக்கினார். அரசனின் ஊழியனாயிருந்த கலைஞன் வணிகனின் காட்சிப்பொருளானதே அந்நூற்றாண்டு அவனுக்கு அளித்த மாற்றம்.

இனி, மாணவியின் கேள்விக்கு வருவோம். அவள் கண்ட வெள்ளி முடி 'வெஸ்' எனப்படும். அது வெறும் அணிகலனன்று. கொஹொம்ப தெய்வத்துக்கு உரியது. பல ஆண்டுப் பயிற்சியின் பின், சுபவேளை பார்த்து, சடங்கு செய்து, குரு தம் சீடனுக்கு முதன்முறை அதைச் சூட்டுவார். பெண் அதைத் தொடுவதும் தீட்டு என்று மரபு விதித்தது. பெண்ணுடலைத் தீட்டென்று ஒதுக்கிய அதே சமுதாயம், அம்முடியைத் தரித்த ஆணையும் சாதியால் ஒதுக்கியது. ஒதுக்கப்பட்டவன் தன் பங்குக்கு ஒதுக்குவதற்கு அவனுக்கும் ஒருத்தி இருந்தாள். சாதியமைப்பு நிலைபெற்று நிற்பதன் சூட்சுமங்களுள் இதுவும் ஒன்று.

மேடைக்கு வந்த நடனம்

இருபதாம் நூற்றாண்டின் நான்காம் பத்தாண்டில் நிலைமை அசையத் தொடங்கிற்று. 1934இல் தாகூர் தம் குழுவினருடன் இலங்கைக்கு வந்தார். கண்டி நடனத்தைக் கண்டு வியந்த அவர், சாந்திநிகேதனத்துச் சாந்திதேவ கோஷ் அதனைக் கற்பதற்கும் ஊக்கமளித்தார். அதே ஆண்டில் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற திரைப்படம் கண்டி ஆட்டத்தை மேனாட்டார்க்குக் காட்டியது. தன் வீட்டுப் பொருளை அயலான் மதித்த பின்னரே தானும் மதிக்கும் அடிமைப் புத்தி நமது நடுத்தர வகுப்புக்குப் புதிதன்று. அதுகாறும் பெரவாயரின் ஆட்டம் என்று முகம் சுளித்த கொழும்புப் பெருமக்கள், அது தேசியக் கலை என்று பேசலாயினர்.

இந்தச் சூழலில் வளர்ந்தவர் சித்திரசேன. 1921ஆம் ஆண்டு களனிக்கு அண்மையிற் பிறந்த அவரது இயற்பெயர் மொரிஸ் டயஸ். தந்தை சீபர்ட் டயஸ் நாடகக் கலைஞர். 1936இல் அவர் மேடையேற்றிய 'சிறிசங்கபோ' நடன நாடகத்தில் சித்திரசேன இளைஞராகவே நடித்தார். பின் அவர் செய்ததுதான் முக்கியம். அல்கம கிரிகணித, முத்தனாவே அப்புவா, பெவில்கமுவே லபயா என்னும் பரம்பரைக் குருமாரிடம் பணிந்து கண்டி நடனத்தை முறையாகக் கற்றார். திருவிதாங்கூர் சென்று குரு கோபிநாத்திடம் கதகளி பயின்றார். சாந்திநிகேதனத்தில் தாகூரின் 'சண்டாளிகா'வில், கவிஞரின் பேத்தி நந்திதா கிருபளானியுடன் ஆடினார். 1944இல் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் அவரது நடனப்பள்ளி தோன்றியது.

சித்திரசேனவுக்கு முன்னோடியாய் விளங்கிய உதயசங்கர், 1923இல் இலண்டனில் ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவுடன் கிருஷ்ணனாக ஆடியவர். அதே பாவ்லோவாதான் நம் தமிழகத்து உருக்மிணி தேவியைத் தம் நாட்டுக் கலையின்பால் திரும்புமாறு தூண்டியவரும். ருஷ்ய அரங்கிலிருந்து இந்தியாவழியாக இலங்கைவரை நீண்ட அந்த நூலிழையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர் நாம் கூறப்போகும் ஒப்புமை விளங்கும்.

வஜிரா

1932ஆம் ஆண்டு களுத்துறையில், பெரவா மரபோடு தொடர்பில்லாத நடுத்தரக் குடும்பத்தில் வஜிரா பிறந்தார். பள்ளிப்பருவத்திலேயே சித்திரசேனவின் மாணவியானார். 1950களின் தொடக்கத்தில் அவருக்கு மனைவியுமானார். மேடையிற் கண்டி நடனம் ஆடிய முதற்பெண் அவரல்லர். மிரியம் பீரிஸ், சந்திரலேகா முதலியோர் அவருக்கு முன்னரே துணிந்து மேடையேறினர்; அவர்களை மறத்தல் நன்றியன்று. ஆனால் அதனைத் தம் வாழ்நாள் தொழிலாகவே ஏற்று, நாள்தோறும் பயின்று, பயிற்றி, அதனாலேயே வாழ்ந்த முதற்பெண் என்ற பெருமை வஜிராவுக்கே உரியது.

இதன் கடினத்தை உணர வேண்டுமாயின் கண்டி நடனத்தின் உடலிலக்கணத்தைச் சிறிது அறிதல் வேண்டும். பரத நாட்டியத்தின் அரைமண்டியை ஒத்த, அதனினும் அகன்று தாழ்ந்த ஒரு நிலை உண்டு, மண்டிய என்பர். முழங்கால்கள் புறம்நோக்கி விரிய, முதுகு நிமிர, கைகள் தோள் மட்டத்தில் நிற்க, அந்நிலையிலிருந்தே கால் வீச்சும் தாவலும் சுழற்சியும் பிறக்கின்றன. தொடக்கப் பயிற்சியாகப் பன்னிரண்டு பா சரம்பங்களையும் பன்னிரண்டு கொட சரம்பங்களையும் மாணவர் ஆடித் தேற வேண்டும். அதன் பின்னரே யானை, குதிரை, மயில், கருடன் முதலியவற்றின் இயல்பைக் காட்டும் பதினெட்டு வண்ணங்களுக்குச் செல்லலாம். வண்ணம் என்ற சொல் நமக்கு அந்நியமானதா? உடெக்கி என்பது நம் உடுக்கை. நையண்டி என்னும் ஆட்டப் பெயரைக் கேட்டதும் நம் நையாண்டி மேளம் நினைவுக்கு வரவில்லையா? மொழிப் பற்றால் மட்டும் இவற்றைச் சுட்டவில்லை. இவை பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இவ்விலக்கணம் முழுவதும் ஆணுடலை நினைந்து அமைந்தது. திறந்த மார்பில் மணிக்கோவை அணிந்து வீராவேசத்தோடு ஆடுவது அதன் இயல்பு. பெண் என்ன செய்வது? ஆணைப் போலவே ஆடினால், போலி என்பர். மென்மையாக ஆடினால், இது கண்டி நடனமே அன்று என்பர். வஜிரா மூன்றாவது வழியொன்றைக் கண்டார். அடவின் அளவையும் தாளத்தின் கண்டிப்பையும் சிறிதும் தளர்த்தாது, உடலின் வளைவிலும் கையின் ஓட்டத்திலும் லாசியத்தைப் புகுத்தினார். அதற்கெனத் தனி உடற்பயிற்சி முறையொன்றை வகுத்தார். எந்தத் தசை எந்த அசைவுக்கு உழைக்கின்றது, அதனை எவ்வாறு படிப்படியாக வலுப்படுத்துவது என்று ஆராய்ந்து, குருகுலத்தில் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும் வித்தையை வகுப்பறையில் ஒழுங்காகக் கற்பிக்கத்தக்க பாடமாக்கினார். வெஸ் முடியைக் கேட்டு அவர் போராடவில்லை; அம்முடி இன்றியே பெண்ணின் ஆட்டம் முழுமையானது என்று நிறுவினார். இது சமரசமா, வெற்றியா என்று விவாதிக்கலாம். வகுப்பில் என் மாணவியர் இரு கட்சியாகப் பிரிந்து விவாதித்தனர். நானும் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

1950களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கான 'ஹிமகுமாரி' நடன நாடகத்தின் வாயிலாக அவரது ஆக்கத்திறன் வெளிப்பட்டது. சிறுவர் நடன நாடகம் இந்நாட்டில் ஒரு துறையாக வளர்ந்தமைக்கு அவரே முதற்காரணர். 'சண்டாளி'யில் பிரகிருதியாக ஆடினார். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தியிடம் புத்தரின் சீடர் ஆனந்தர் தண்ணீர் கேட்கின்றார். தானும் மனிதப் பிறவியே என்று அவள் அக்கணம் உணர்கின்றாள். தாகூர் எழுதிய இக்கதை, சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் காத்த அடவுகளாலேயே இலங்கை மேடையில் சொல்லப்பட்டது என்பதைப் பார்வையாளருள் எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

1961இல் 'கரதிய' வந்தது. கடல்நீர் என்பது அதன் பொருள். அரசனும் தேவரும் நிறைந்திருந்த நடன மேடைக்கு மீனவர் வந்தனர். வலையிழுப்பும் காத்திருப்பும் இழப்பும் அடவுகளாயின. அமரதேவ இசையமைத்தார், சோமபந்து வித்யாபதி காட்சியமைப்பைக் கவனித்தார். சிசி என்ற மீனவப் பெண்ணாக வஜிரா ஆடினார். உழைக்கும் மக்களின் உடலசைவே செவ்வியற் கலைக்குரிய பொருளாகலாம் என்பதை மெய்ப்பித்த படைப்பு அது. 'நள தமயந்தி'யில் அவர் ஆடிய அன்னப்பறவை, பார்த்தவர் நினைவில் நீங்காது நின்றது. குழுவினர் பல நாடுகளுக்குச் சென்றனர். சோவியத் மேடைகளிலும் ஆடினர்.

லெனின்கிராட்டின் பாடம்

அன்னப்பறவை என்றதும் சோவியத் பாலே நடனம் நினைவுக்கு வருவது இயல்பே. அந்நாட்டின் செவ்வியல் நடனமணிகளின் வாழ்வோடு வஜிராவின் வாழ்வை ஒப்பு நோக்கினால், அரசும் கலையும் கொள்ளும் உறவு பற்றிப் பயனுள்ள உண்மைகள் சில புலப்படும்.

பாலே ஜார் மன்னர்களின் அரண்மனைக் கலை. புரட்சிக்குப் பின் அதனை ஒழித்துவிட வேண்டும் என்றவரும் இருந்தனர். அது ஒழியாது நின்றதற்கு அக்ரிப்பினா வாகனோவா என்னும் ஆசிரியை பெருங்காரணம். 1879இல் பிறந்த அவர், அரச அரங்கில் நெடுநாள் பின்வரிசையில் ஆடியவர். தாம் கற்றவற்றையெல்லாம் தொகுத்து, முழு உடலும் ஒருங்கே இயங்கும் பயிற்சி முறையை வகுத்து, 1934இல் நூலாக வெளியிட்டார். கலையின் இரகசியத்தைப் பாடத்திட்டமாக மாற்றிய அச்செயலையும் வஜிராவின் செயலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரும் மேடையில் மட்டும் வாழ்ந்தவரல்லர், ஆசிரியைகள். தம்மோடு முடிந்துபோகாத ஒன்றை விட்டுச்சென்றவர் வாகனோவா. அதனையே இங்கு செய்தவர் வஜிரா.

வாகனோவாவின் மாணவி கலீனா உலனோவா. 1928இல் பயிற்சி முடித்து, 1940இல் லெனின்கிராட் மேடையில் ஜூலியட்டாகி, 1944இல் மொஸ்கோ போல்ஷொய் அரங்கிற்குச் சென்றார். 1956இல் போல்ஷொய் குழு இலண்டன் சென்றபோது, நாற்பத்தாறு வயதில் பதினான்கு வயது ஜூலியட்டாக அவர் ஆடியதைக் கண்டு மேனாட்டு அவை எழுந்து நின்றது. ஏழையின் பிள்ளையும் அரசு செலவில் ஆண்டுக்கணக்கில் நடனம் பயிலலாம், தேர்ந்தால் நிலையான ஊதியம், ஓய்ந்தால் ஓய்வூதியம். நம் நாட்டில் எந்த ஆட்டக்காரனும் கனவிலும் காணாத இவ்வேற்பாட்டை அந்நாடு செய்து காட்டியது. இது மறுக்கொணாத சாதனை.

ஆனால் சாதனையை மட்டும் சொல்லி நிறுத்துதல் நேர்மையாகாது. மாயா பிளிசெத்ஸ்கயாவின் வாழ்வையும் சொல்லியாக வேண்டும். 1925இல் பிறந்த அவருடைய தந்தை 1938இல் சுட்டுக்கொல்லப்பட்டார். தாய், கைக்குழந்தையுடன் கஸக்ஸ்தானத்து முகாமுக்கு அனுப்பப்பட்டார். சிறுமி மாயாவைச் சிற்றன்னை சுலமித் மெஸ்ஸெரெர் தம்மிடம் வைத்துக் காத்தார். 1943இல் போல்ஷொய் குழுவிற் சேர்ந்த மாயா, தந்தையைக் கொன்ற அரசின் தலைவர்கள் முன்னும் அவர்தம் விருந்தினர் முன்னும் அன்னமாக ஆடினார். 1956இல் குழு இலண்டன் சென்றபோது அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. 1959இலேயே அமெரிக்கா செல்ல விடப்பட்டார். அரசு அவரைப் பெருமையாகக் காட்டிற்று. அதே வேளை கைதியாகவும் எண்ணிற்று. 1991 ஆகஸ்டில் ஆட்சியைக் கைப்பற்ற ஒரு கூட்டம் முயன்றபோது, செய்தியை மறைத்துத் தொலைக்காட்சியில் ஓடவிட்டதும் 'அன்னப் பொய்கை' நடனத்தையே. அவ்வாண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியம் இல்லாதொழிந்தது; வாகனோவாவின் பயிற்சி முறை ஒழியவில்லை. அது இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது.

இடதுசாரிச் சிந்தனை உடையோர் இவ்விரு பக்கங்களையும் ஒருசேரக் காண அஞ்சுதல் கூடாது. கலைஞருக்குச் சோறும் கூரையும் தருவது அரசின் கடன். அதற்கு விலையாக அவரது நாவையும் கால்களையும் கேட்பது கொடுமை.

வஜிராவுக்கு இத்துன்பம் நேரவில்லை. ஆனால் அந்தச் சோறும் கூரையும்கூட உறுதியாக இருந்ததில்லை. ஏறத்தாழ நாற்பதாண்டுக் கலைவரலாற்றில் நடுநாயகமாய் விளங்கிய கொள்ளுப்பிட்டிப் பள்ளியை 1982இல் அவர்கள் இழந்தனர். அது வாடகை நிலம். நாட்டின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றவர்கள் தம் மாணவரோடு இடம் தேடி அலைய வேண்டியதாயிற்று. ஒரு நாட்டில் அரசின் பிடி நெரித்தது. மறுநாட்டில் சந்தையின் அலட்சியம் வாட்டியது. 2005இல் சித்திரசேன மறைந்தார். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதை வழங்கி இந்திய அரசு வஜிராவைச் சிறப்பித்தது. மகள் உபேகாவும் பெயர்த்தியர் ஹேஷ்மாவும் தாஜியும் அவரது கலையைத் தொடர்ந்தனர்.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

கதையை இத்துடன் முடித்தால் அது வெற்றிக் கதையாகிவிடும். மற்றொரு கேள்வி உண்டு. பெண்ணுக்குக் கதவு திறந்ததே, எந்தப் பெண்ணுக்குத் திறந்தது?

மேடைக்கு முதலில் வந்த பெண்கள் கொழும்பு, களுத்துறை போன்ற ஊர்களின் படித்த குடும்பத்தினர். நடனம் பாடசாலைப் பாடமானபோது, பரீட்சையிற் சித்தியடைந்து ஆசிரியைகளாகக் கூடியவர்களும் பெரும்பாலும் அத்தகையோரே. தாளத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பெரவா குடும்பத்துப் பெண்பிள்ளை, ஆடினால் தன் சாதி வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி ஒதுங்கினாள். உயர்குடிப் பெண்ணுக்கு ஆட்டம் பெருமை தந்தது. அதே ஆட்டம் இவளுக்கு இழிவை நினைவூட்டியது. தமிழகத்தில் 1935இல் உருக்மிணி தேவி மேடையேறியதும், 1947இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிந்ததும் பெண்விடுதலை வரலாற்றின் படிகள். எனினும் பாலசரஸ்வதி போன்ற சிலர் நீங்கலாக, பரம்பரை ஆடற்பெண்டிர் தம் கலையிலிருந்தே விலக்கப்பட்டனர் என்பதும் உண்மை. கண்டியிலும் சென்னையிலும் வரலாறு ஏறத்தாழ ஒரே அடவைத்தான் ஆடியிருக்கின்றது.

இதற்கு வஜிராவைக் குறை கூறுதல் அறியாமை. அவர் தம் குருமாரின் பெயர்களை மறைக்கவில்லை. அவர்தம் கலையை இழிவு செய்யவுமில்லை. தனியொருவரின் உழைப்பு ஒரு கதவைத்தான் திறக்கும். மற்றக் கதவுகளைத் திறப்பது சமுதாயத்தின் வேலை.

இரண்டாவது குறையும் உண்டு. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த காலத்தில், கண்டி நடனம் நாட்டின் அடையாளம் என்பதோடு நில்லாது ஓர் இனத்தின் அடையாளமாகவும் ஆக்கப்பட்டது. 2011இல் மத்திய வங்கி வெளியிடத் தொடங்கிய நாணயத்தாள் வரிசையின் பின்புறத்தில் ஆட்டக்காரரும் மேளகாரரும் இடம்பெற்றனர். மேளகாரனின் உருவம் எல்லோர் சட்டைப்பையிலும் இருந்தது; மேளகாரன் எல்லோர் வீட்டுத் திண்ணையிலும் அமர முடிந்ததா? வண்ணமும் உடெக்கியும் நையண்டியும், சாந்திநிகேதனமும் திருவிதாங்கூரும் சேர்ந்து வளர்த்த கலைக்கு ஒற்றை இனத்தின் முத்திரை குத்துவது வரலாற்றுக்குப் பொருந்துமா? அதே பிழையை நாமும் செய்கின்றோம். கண்டி நகரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, தம் வீதியில் ஆடப்படும் நடனம் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் பரத நாட்டிய வகுப்புக்கு அனுப்பிவிடுகின்றோம்.

இவ்விடத்தில் பேராதனையை நினைத்துக்கொள்வது தகும். 1956இல் சரச்சந்திர 'மனமே' நாடகத்தைப் படைத்தபோது, தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகமரபை நாடினார். 1960களில் அதே வளாகத்திலிருந்து பேராசிரியர் வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணைகொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் புதுமெருகோடு மேடையேற்றினார். ஒரே மகாவலிக் கரையில் இரு மொழியினரும் ஒரே கேள்விக்கு விடை தேடிய காலம் அது. அத்தேடல் முறியாமல் வளர்ந்திருந்தால் இந்நாட்டின் வரலாறு வேறாகவும் இருந்திருக்கலாம்.

தப்பின் ஓசை

அன்று வகுப்பில் இவற்றையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி வாங்கில் ஒரு மாணவன் தலைகுனிந்திருந்தான். நகருக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வருபவன். அவன் பாட்டனார் தப்படிப்பவர் என்பதை நான் அறிவேன். தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியது தப்பு; காமன் கூத்துக்கு உயிர் கொடுப்பதும் தப்பு; சாவு வீட்டில் முன்னே செல்வதும் அதுவே. தமிழ்த் தினப் போட்டிக்குக் காமன் கூத்து ஆடலாம், உன் பாட்டனாரிடம் தப்பை வாங்கி வா என்று சென்ற ஆண்டு நான் கேட்டபோது, "வேண்டாம் சேர், அதைப் பார்த்தால் பிள்ளைகள் என்னை வேறு மாதிரிச் சொல்வார்கள்" என்றான்.

மணியடித்த பின் அவன் என்னிடம் வந்தான். "சேர், கெட்ட பெர அடிப்பவர்களையும் அப்படித்தான் சொன்னார்களா?" என்று கேட்டான். ஆம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் போய்விட்டான். இன்றுவரை அவன் தப்பைக் கொண்டுவரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவன் அஞ்சுவது தப்பையன்று, நம்மையே என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளி முடியைப் பெண் தரித்தால் என்ன குற்றம் என்று கேட்ட மாணவிக்கும், தப்பைத் தொட்டால் என்ன சொல்வார்கள் என்று அஞ்சிய மாணவனுக்கும் விடை ஒன்றே. குற்றம் முடியிலும் இல்லை, தோலிலும் இல்லை. தரிப்பவர் யார், அடிப்பவர் யார் என்று பார்க்கும் கண்ணில் உள்ளது. களுத்துறையிலிருந்து வந்த ஒரு பெண், நாள்தோறும் மண்டியிட்டுப் பயின்று, அக்கண்ணை ஓரளவு திருத்தினார். எஞ்சிய வேலை வகுப்பறைகளில் இருக்கின்றது. அடுத்த தமிழ்த் தினத்துக்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. இம்முறை அவனிடம் கேட்பதற்கு முன்னர் வகுப்பிலுள்ள மற்ற நாற்பது பேரோடும் பேசப் போகின்றேன். ஆசிரிய நண்பர்களே, நீங்களும் உங்கள் வகுப்பின் கடைசி வாங்கை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.